சுகுணா சொன்ன பீலி

முப்பது நிமிடத்தில் இருபத்தொன்று முடிந்திருந்தது. சுகுணா கண்ணாடி ஜாரின் முன்னால் குந்தியிருந்தாள். அழுக்குத் தண்ணீருக்குக் காற்று ஊட்டும் தொட்டியிலிருந்து மொண்டு வந்த ஒரு லிட்டர் கலங்கல் அதில் மெல்லத் தெளிந்துகொண்டிருந்தது. பழுப்பு அடியில் இறங்க இறங்க மேலே தண்ணீர் பிரிந்து வந்தது. அப்போதுதான் கீழே ஓடையோரப் பாதையில் பிக்கப் வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. எழுந்து போய்க் கம்பிவேலி வழியாகப் பார்த்தாள். வண்டியின் பின்புறம் ஒரு கட்டில், சுருட்டிய பாய்கள், துணி மூட்டை. நடுவே அவளுடைய பெரியம்மா மகள் சுப்பம்மா. அவள் மடியில், தலையில் மஃப்ளர் சுற்றிய எட்டு வயது வர்ஷா. முன்னால் ஓட்டுநருக்குப் பக்கத்தில் சுப்பம்மாவின் கணவர் பழனியாண்டி. சென்ற ஆண்டு சித்திரை பிறந்து ஐந்தாம் நாள், வியாழக்கிழமை. சுப்பம்மா நிமிர்ந்து பார்க்கவில்லை. சுகுணாவும் கூப்பிடவில்லை. வண்டி வளைவில் மறைந்ததும் திரும்பி வந்து ஜாரின் முன் குந்தினாள். முப்பதாவது நிமிடம் பழுப்பு எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்து நோட்டில் எழுதினாள்: 280. நல்ல எண். அன்றைக்குத் தண்ணீர் நன்றாகத் தெளிந்திருந்தது.

இந்த மலை நகரத்தின் குளியலறைகளும் கக்கூஸ்களும் ஓட்டல் அடுப்படிகளும் விடுகிற தண்ணீரெல்லாம் குழாய்களில் சேர்ந்து, சரிவோடு சரிவாக இறங்கி, பள்ளத்தில் இருக்கும் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்கு வந்து சேர்கிறது. சுகுணா பதினொரு வருஷத்துக்கு முன்னால் அங்கே புல் வெட்ட வந்தவள். இன்றைக்கு ஆபரேட்டர். காலை ஆறு மணி முதல் இரண்டு மணி வரை அவள் ஷிப்ட். குள்ளமான உருவம். முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்சைப் போட்டால் பாதி ஆள் பூட்சாகவே தெரிவாள். ஸ்வெட்டருக்கு மேல் காக்கிச் சட்டை, காதை மூடிய துண்டு. வந்ததும் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவதற்கு அவள் வைத்திருக்கும் பெயர் பெரட்டு. "பெரட்டு முடிஞ்சிருச்சா சார்?" என்று கேட்டால், கோயமுத்தூரிலிருந்து வந்த இளம் என்ஜினியர் கீர்த்திவாசன் முதல் மாதமெல்லாம் விழித்தான். தோட்டத்தில் காலையில் ஆட்களை நிறுத்திப் பேர் பதிவதை அப்படித்தான் சொல்வார்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்து சேரம்பாடியில் இறங்கிய குடும்பம் அவளுடையது. அவள் பிறந்தது இந்தப் பக்கம்தான். சொற்கள் மட்டும் அந்தப் பக்கம் பிறந்தவை.

முதல் வேலை சல்லடைக் கம்பிகளில் சிக்கியதை வாரி எடுப்பது. அதைப் பார்த்தே ஊரின் நடப்பைச் சொல்லிவிடுவாள். மல்லிகைச் சரம் வந்தால் முதல் நாள் முகூர்த்தம். பிரியாணி எண்ணெய் திட்டுத்திட்டாக மிதந்தால் தொடர் விடுமுறை. மே மாதம் மலர்க் கண்காட்சிக்கு ஊரே திரளும்போது குழந்தைகளுக்குக் கட்டும் டயப்பர் கம்பியை அடைத்துக்கொள்ளும். "ஊரு நேத்து என்னா தின்னுச்சுன்னு கலெக்டருக்குத் தெரியாது சார், எனக்குத் தெரியும்" என்பாள். நாற்றம் என்ற சொல்லை அவள் சொல்லிக் கேட்டவர் இல்லை. வாசம் என்றுதான் சொல்வாள்.

அவளுடைய மூக்குக்கு ஒரு முன்கதை உண்டு. கல்யாணத்துக்கு முன் தேயிலைப் பாக்டரியில் வேலை பார்த்தாள். அரைத்த இலை பச்சை மாறிச் செம்பாகும் நேரத்தை அங்கே மூக்கால்தான் பிடித்தார்கள். அதே மூக்கை இங்கே தொட்டிக்கு மேல் நீட்டினாள். மழை பெய்த மண் மாதிரி வாசம் வந்தால் தொட்டி நலம். அழுகின முட்டை வாசம் என்றால் உள்ளே காற்றுப் போதவில்லை. அழுக்கைத் தின்னும் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் மூச்சுத் திணறுகின்றன என்று பொருள். மார்கழி, தை மாத உறைபனியில் அந்த உயிர்கள் மந்தமாகிவிடும். தெளிவு பிந்தும். ஆய்வகத்தில் வேலை பார்க்கும் ஐவி மேடம் வெப்பமானியைப் பார்த்துக் காரணம் சொல்வதற்கு முன்பே சுகுணா சொல்லிவிடுவாள்: "அதுகளும் கம்பளிய விட்டு எந்திரிக்கல மேடம். எந்திரிச்சாத்தானே திங்கும்."

எல்லாம் முடிந்து, குளோரின் கலந்து, நிலையத்தின் பின்சுவரில் இரும்புக் குழாய் வழியாகத் தண்ணீர் வெளியே வரும். ஆள் உயரத்திலிருந்து பாறைமேல் விழுந்து ஓடையில் கலக்கும். பார்ப்பதற்குக் கண்ணாடி மாதிரி இருக்கும். சுகுணா அதைப் பீலி என்று சொல்லி வந்தாள். தோட்டங்களில் மலையூற்றைத் தகரத்திலோ குழாயிலோ திருப்பி விட்டிருப்பார்கள். லயத்து வரிசை வீட்டு ஜனம் குளிப்பதும் துவைப்பதும் குடத்தில் பிடித்துக் குடிப்பதும் அதில்தான். அதற்குப் பெயர் பீலி. இங்கே விழுகிற தண்ணீருக்கும் அதே தோற்றம், அதே சத்தம். பதினொரு வருஷம் அந்தச் சொல்லை அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். கேட்டவர்கள் எல்லாம் கோயமுத்தூர்க்காரர்களும் படகர்களும். அவர்களுக்கு அது வெறும் சத்தம். அதனால் ஒன்றும் ஆகவில்லை.

சுப்பம்மா குடும்பம் வந்தது தை மாதம். சேரம்பாடியில் வேலைநாள் குறைந்துவிட்டது. இங்கே கேரட் கழுவும் இடத்தில் புருஷன் பெஞ்சாதி இருவருக்கும் வேலை கிடைத்தது. ஓடையோர வரிசையில் வீடு பிடித்துக் கொடுத்தவள் சுகுணாதான். முதல் நாள் சுற்றிக் காட்டும்போது சுப்பம்மா நின்று கேட்டாள்.

"அது என்னாடி, தண்ணி விழுது?"

"அது எங்க பீலிக்கா. நாங்க சுத்தம் பண்ணி விடுறது."

"அட, உன் கைல தண்ணியெல்லாம் கூட இருக்கா? பெரிய ஆளுதான்."

இருவரும் சிரித்தார்கள். சுகுணாவுக்கு அன்று பெருமையாகக்கூட இருந்தது. 'குடிக்க உகந்ததல்ல' என்ற பலகை நிலையத்தின் வாசலில், சாலையைப் பார்த்து இருந்தது. ஓடைப் பக்கம் வருகிறவர்களுக்குத் தெரிவது வெறும் சுவரும் குழாயும்.

பங்குனியில் சுப்பம்மா வீட்டுக் குழாய் ஒன்பது நாள் வறண்டது. லாரித் தண்ணீர் வந்தால் இரண்டு குடம், அதுவும் சண்டை போட்டு. சுகுணா தன் வீட்டிலிருந்து ஒரு கேன் அனுப்பினாள். அடுத்த நாளும் அனுப்பட்டுமா என்று போனில் கேட்டதற்குச் சுப்பம்மா, "வேணாம்டி, இங்கயே புடிச்சுக்கிட்டோம்" என்றாள். லாரியில்தான் பிடித்தாள் என்று சுகுணா நினைத்துக்கொண்டாள்.

வர்ஷாவுக்கு டைபாய்டு. ஆஸ்பத்திரியில் ஐந்தாம் நாள் சுகுணா ஆரஞ்சுப் பழத்தோடு போனபோது டாக்டர் கட்டிலருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன தண்ணிம்மா குடிக்கிறீங்க?"

"பீலித் தண்ணிங்க."

"அப்படீன்னா?"

சுப்பம்மாவுக்கு அதை எப்படி விளக்குவதென்று தெரியவில்லை. வாசலில் வந்து நின்றவளைக் காட்டினாள். "இவளைக் கேளுங்க. இவ வேல செய்யிற எடத்துலேர்ந்துதான் வருது. நல்ல தண்ணி."

டாக்டர் திரும்பினார். சுகுணா பழப் பையைக் கட்டிலின் கால்மாட்டில் வைத்தாள். ஒன்றும் தெரியாத மாதிரி நிற்க அவளால் முடிந்திருக்கும். நகரத்தின் பாதிப் பேருக்கு அந்த இடத்தில் என்ன நடக்கிறது என்று தெரியாது.

"ஊருக் கக்கூஸ் தண்ணிங்க" என்றாள். "நாங்க சுத்தம் பண்ணி ஓடைல விடறது. குடிக்கக் கூடாதுங்க."

சுப்பம்மா அவளைப் பார்த்தாள். பிறகு, வர்ஷாவின் வாயைச் சேலைத் தலைப்பால் துடைக்க ஆரம்பித்தாள். காய்ந்து கிடந்த வாயைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

வராந்தாவில் பழனியாண்டி கேட்டார். கத்தவில்லை. "நீ உள்ளத சொல்லிட்ட, அது சரி. பீலின்னு ஏன் புள்ள சொன்ன? நம்ம வாயால பீலின்னு சொன்னா நம்ம ஆளு குடத்தத் தூக்கிக்கிட்டுப் போகாம என்னா செய்வான்?"

 லாரித் தண்ணீராகவும் இருக்கலாம், வெளியில் வாங்கித் தின்றதாகவும் இருக்கலாம், எதனால் வந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு தப்பிக்கச் சுகுணாவுக்கு மனம் வரவில்லை. கீர்த்திவாசனும் தேற்றப் பார்த்தான். "ஏனுங்க்கா, நம்ம ரிப்போர்ட் எல்லாம் அளவுக்குள்ளதானுங்க இருக்குது."

"எதுக்கான அளவு சார்?"

"ஆத்துல விடறதுக்குங்க்கா."

"அதைத்தான் சார் நான் சொல்லியிருக்கணும்."

வர்ஷா பதினோராம் நாள் வீடு திரும்பினாள். ஆள் பாதியாகியிருந்தாள். அடுத்த வாரமே அவர்கள் தேவாலாவுக்குப் போய்விட்டார்கள். பழனியாண்டியின் அண்ணன் அங்கே தோட்ட வேலையில் இருந்தார். போகிறோம் என்று சுகுணாவிடம் சொல்லவில்லை.

அன்றைக்குப் பிறகு நிலையத்தில் பார்க்கிறவர்களுக்குச் சுகுணாவிடம் பெரிய மாற்றம் தெரியாது. சல்லடை, தொட்டி, ஜார், நோட்டு. ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை சிவப்புப் பெயின்ட் வாங்கி வந்து, ஓடைப் பக்கத்துச் சுவரில், குழாய்க்கு மேலே, முழ நீள எழுத்தில் எழுதினாள்: 'கக்கூஸ் தண்ணி. குடிக்காதே. குளிக்காதே.' திங்கட்கிழமை கீர்த்திவாசன் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"ஏனுங்க்கா, இப்படியா எழுதறது? சுத்திகரிக்கப்பட்ட கழிவுநீர்னு எழுதலாமில்லீங்களா? ஆபீசர் யாராச்சும் வந்தா நான் என்ன சொல்லட்டும்?"

"ஆபீசர் குடம் எடுத்துக்கிட்டு வர மாட்டாரு சார்."

அவன் அந்தச் சுவரை அழிக்கச் சொல்லவில்லை. ஓடையோர வரிசையில் பதினான்கு வீடு. ஒவ்வொரு படியாக ஏறி அதையே வாயாலும் சொன்னாள். அங்கே ஒரு வீட்டு ஆயம்மாள், "காலங்காத்தால சோத்து நேரத்துல இதையா வந்து சொல்லுவ?" என்று கடிந்துகொண்டாள். சோறு இறங்கட்டும் என்று வெளியே காத்திருந்து, மறுபடி சொன்னாள். பீலி என்ற சொல் அவள் வாயிலிருந்து போயே போய்விட்டது. சொந்தக்காரர்கள் வீட்டு விசேஷத்தில் யாராவது சொன்னால்கூட எழுந்து வேறு பக்கம் போய்விடுவாள்.

அவள் செய்த போன் எதையும் சுப்பம்மா எடுக்கவில்லை. தீபாவளிக்கு ஒரு செய்தி அனுப்பினாள். பொங்கலுக்கு ஒன்று. 'வர்ஷா ஸ்கூல் போறாளா அக்கா' என்று இடையில் ஒன்று. பார்த்ததற்கான நீலக் குறி விழும், பதில் வராது. மன்னிக்கச் சொல்லி அவள் ஒரு தடவையும் எழுதவில்லை. அக்கா மன்னிப்பதால் சுகுணாவுக்கு ஆகப் போவது ஒன்றுமில்லை. தான் சொல்கிற ஒன்றை அக்கா இனி எப்போதாவது நம்பிக் கேட்பாளா என்பது மட்டும்தான் அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது. அதை இவள் போய்க் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது.

பதினான்கு மாதம் கழித்து, இந்த ஆனி மாதத்தில், ஷிப்ட் முடிந்து பூட்சைக் கழற்றிக்கொண்டிருந்தபோது குரல் செய்தி ஒன்று வந்தது. முதலில் தகரக் கூரைமேல் மழை கொட்டும் சத்தம். அதற்குள்ளிருந்து சுப்பம்மா.

"நான்தான். இங்க மழ புடிச்சிருச்சு. புள்ள நல்லா இருக்கா, நாலாவது போயிட்டா. லயத்துக்குப் பின்னால ஓடைய மறிச்சுப் புதுசா பைப்பு போட்டிருக்காங்க. எல்லாரும் அதத்தான் குடிக்கிறாங்க. இவரும் நல்ல தண்ணிங்கிறாரு. யாரு சொன்னாலும் எனக்கு மனசு கேக்கல. நான் இன்னும் புள்ளைக்குக் குடுக்கல, தூரத்துலேர்ந்து செமந்துக்கிட்டு வாரேன். நீ ஒருக்கா வந்து பாத்துச் சொல்லு. நீ சொன்னா குடுக்கறேன்."

சுகுணா மூன்று தடவை கேட்டாள். பதில் பேச இரண்டு தடவை தொடங்கி அழித்தாள். மூன்றாம் தடவை, எழுதி வைத்ததைப் படிக்கிற மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்: "பார்வைக்கு ஒண்ணும் சொல்ல முடியாதுக்கா. மூக்குக்கும் தெரியாது. பரீச்ச பண்ணித்தான் சொல்லணும். அதுவரைக்கும் அதக் குடுக்காதீங்க. நாயித்துக்கெழம வாரேன்."

பிறகு ஆய்வகத்துக்குப் போனாள். ஐவி மேடம் வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு அலமாரியைத் திறந்து, மூடி சீல் போட்ட பாட்டில் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். "உள்ள கழுவாதே. விரல் படக் கூடாது. ஐஸ்ல வச்சு அன்னைக்கே எங்கிட்ட கொண்டு வந்துரணும். கூடலூர்ல பஸ் மாறும்போது வெயில்ல வச்சிராத."

"சரிங்க மேடம்."

"பேப்பர் ஒட்டி எழுதிக்கோ. இல்லேன்னா நம்ம பாட்டிலோட கலந்துரும்."

ஒட்டுத்தாள்கள் கட்டாக அச்சடித்து வைத்தவை. சுகுணா ஒன்றைக் கிழித்து, பாட்டிலில் ஒட்டி, மேசைமேல் குனிந்து எழுதினாள். இடம்: தேவாலா, சுப்பம்மா அக்கா வீட்டுப் பின்புறம். எடுத்தவர்: சுகுணா. மூன்றாவது வரியில் 'எதற்கு' என்றிருந்தது. அதற்கெதிரே 'ஆற்றில் விட' என்று முன்பே அச்சாகியிருந்தது. பேனா ஒரு கணம் அங்கே நின்றது. அதைக் கோடு போட்டு அடித்தாள். மேலே இருந்த சிறிய இடத்தில், எழுத்து ஒன்றோடொன்று ஒட்டாமல் பார்த்துப் பார்த்து எழுதினாள்: குடிக்க.