நான் இடம் மாற்றிய பேருந்து

மலையடிவாரத்து ஊர் ஒன்றின் விடியற்காலைப் பேருந்தைப் பிடுங்கி, தேனியில் நான் மனை வாங்கியிருந்த புதுநகருக்குக் கொடுத்தேன். யாரும் என்னை வற்புறுத்தவில்லை. பேருந்துத் தடங்களை வகுக்கும் அரசுப் பணியில் இருந்தேன். ஓய்வுபெறச் சில ஆண்டுகளே இருந்தன. கோப்பில் 'பயணிகள் குறைவு' என்று எழுதினேன். அது பொய்யல்ல. முதல் நடையில் மட்டும் அந்த வண்டி நிரம்பி வழியும், மற்ற நடைகளில் காற்றாடும் என்பதை எழுதாமல் விட்டேன்.

தேவாரத்துக்கு மேற்கே இருக்கும் ஊர் அது. இரவு கடைசி நடையாக வரும் பேருந்து அங்கேயே தங்கி, மறுநாள் இருட்டோடு கம்பத்துக்குக் கிளம்பும். ஏறுகிறவர்கள் பெரும்பாலும் ஏலக்காய்த் தோட்டத்துக்குக் கூலிக்குப் போகும் பெண்கள். கம்பத்தில் இறங்கி, கேரளத்து மலைக்குப் போகும் ஜீப்புகளைப் பிடிப்பார்கள். ஆய்வுக்காக ஒருமுறை நானும் அவர்களோடு போயிருக்கிறேன். ஜீப்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

"ஆத்தா, இங்கன ஏறு. நம்ம தோட்டத்துல மத்தியானச் சோறு உண்டு."

"போன வாரமும் சோறுன்னுதேன் கூட்டிப்போன. கஞ்சித்தண்ணியில்ல ஊத்துன? அங்கன நிக்கிற ஜீப்புக்காரரு கூலி கூடத் தாராராம். நீ என்ன சொல்றே?"

"அவன் வண்டியில பிரேக்கே கிடையாது ஆத்தா!"

"உன் வாய்க்குந்தேன் கிடையாது."

எல்லோரும் சிரித்தார்கள். ஜீப்காரர் கூலியைக் கூட்டினார். நானும் சிரித்தேன். ஒரு பேருந்து அவர்களைப் பல ஜீப்புகளுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தியதால் வந்த பேரம் அது என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. உறைத்திருந்தாலும் என் கை நின்றிருக்குமா என்று சொல்லத் தெரியவில்லை.

பேருந்து வந்ததும் புதுநகரில் மனை விலை ஏறியது. வீடு கட்டிக் குடிவந்தேன். ஓய்வும் பெற்றேன். பிறகு பெண்களுக்கு நகரப் பேருந்தில் கட்டணமில்லை என்றானது. எங்கள் தெருப் பெண்கள் வேலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் காசில்லாமல் போய்வந்தார்கள். "அரசாங்கம் ஏழைபாழைக்கு நல்லது செஞ்சிருக்கு சார்" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். தலையாட்டினேன். ஆனால் அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அந்த ஊரில் சலுகை இருந்தது, ஏறுவதற்கு விடியற்காலை வண்டி இல்லை. விடியுமுன் தெருமுனையில் எஞ்சின் உறுமும்போது எழுந்து உட்காருவேன், குழாயைத் திறப்பேன், மூடுவேன், மறுபடி படுப்பேன்.

ஒருநாள் அங்கே போனேன். சாயங்காலம் மலையிலிருந்து ஒரே ஒரு ஜீப் பெண்களை இறக்கிவிட்டுப் போனது. அவர்களில் மூத்தவரிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"முன்னெல்லாம் கம்பத்துல நாலு ஜீப்பப் பாத்து வாயாடுவோம். இப்ப இவன் வாசலுக்கே வாரான். இவன் சொன்னதுதேன் கூலி. ஏன்னு கேட்டா, நாளைக்கு ஏறாதேங்குறான்" என்றார். பேருந்து போனபின் ஊருக்கு மிஞ்சியது வெயில் ஏறி வரும் ஒரு வண்டிதான். கல்லூரிக்கு நேரத்தில் போகமுடியாமல் அவர் மகளின் படிப்பு பாதியில் நின்றது; இப்போது அவளும் மலைக்குத்தான் போகிறாள்.

"அந்தப் பேருந்தை எடுத்தது நான்தான்" என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "எடுத்து எங்கன விட்டீக?"

"தேனியில். என் வீடு இருக்கிற தெருவில்."

பின்னால் நின்ற ஒருத்தி உரக்கச் சொன்னாள்: "ஏண்டி, நம்ம பஸ்ஸு அவுக வீட்டு வாசல்ல நிக்குதாம். காளமாடு மாதிரி கட்டி வச்சிருக்காக போல."

மற்றவர்கள் சிரித்தார்கள். மூத்தவர் மட்டும் சிரிக்கவில்லை.

என் பழைய நாற்காலியில் இருந்த அதிகாரியைப் பார்க்கப் போனேன். மரியாதையாகப் பேசினார். "புது வண்டியும் இல்ல, டிரைவரும் இல்ல ஐயா. எங்கயாவது எடுத்துத்தான் அங்க குடுக்கணும்."

"எங்கள் நகரில் எடுங்கள்" என்றேன். செய்ததை முழுக்க எழுதி, கையெழுத்திட்டு, கலெக்டர் அலுவலகத்துக் குறைதீர்க்கும் நாளில் கொடுத்தேன்.

செய்தி தெருவுக்கு வந்தது. "பெரியவரே, புண்ணியம் வேணும்னா காசிக்குப் போங்க. எங்க பஸ்ஸ ஏன் தானம் பண்றீங்க?" என்று சத்தம் போட்டார் பக்கத்து வீட்டுக்காரர். அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. அவர் மருமகள் அந்த வண்டியில்தான் மில்லுக்குப் போனாள். முழங்கால் வலிக்காரியான என் மனைவி, "இனிமே ஆட்டோதான்" என்று மட்டும் சொன்னாள். பல மாதம் அலுவலகத்துக்கு நடந்தேன். கடைசியில், தற்காலிகம் என்ற குறிப்போடு உத்தரவு வந்தது.

முதல் நாள் விடியலில் அந்த ஊரில் நின்றேன். பேருந்தில் நாலைந்து பெண்கள்தான் இருந்தார்கள். பக்கத்தில் ஜீப் நிரம்பியிருந்தது. பேருந்தையும் ஜீப்பையும் மாறிமாறிப் பார்த்தேன். அந்த மூத்தவர் ஜீப்பிலிருந்தே கூப்பிட்டார்.

"என்னத்துக்கு முழிக்கிறீக? பஸ்ஸு வருதுன்னதும் இவன் நேத்தே கூலியக் கூட்டிப்புட்டான்."

"அம்மா, ஆள் ஏறாவிட்டால் திரும்ப எடுத்துவிடுவார்கள்."

"அது எங்களுக்குத் தெரியாதாக்கும்? தெருவுக்கு ஒரு நாள்னு முறை வச்சிருக்கோம், வயலுக்குத் தண்ணி விடுறாப்புல. இன்னிக்குக் கீழத்தெரு பஸ்ஸுல போகுது. இவன் கூலியக் கொறச்சாம்னு வைங்க, அன்னிக்கு மொத்த ஊரும் பஸ்ஸுதேன்."

ஜீப்காரர் காது கேளாதவர்போல ஸ்டியரிங்கைத் துடைத்தார்.

கீழத்தெருவில் வாழ்க்கைப்பட்டிருந்த தன் மகளை மூத்தவர் கைகாட்டினார்; பேருந்தில் உட்கார்ந்திருந்தாள், மடியில் தூக்குவாளியோடு. படியில் ஏறி, தொலைதூரக் கல்வியில் படிப்பைத் தொடரலாமே, வேண்டியதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

"இனி நான் படிக்கவா? எம் பிள்ளையே ஒண்ணாப்புப் போறான். எறங்கிக்கங்க ஐயா, பஸ்ஸு கெளம்பணும்" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை.

இறங்கிக்கொண்டேன்.

உத்தரவு இன்னும் தற்காலிகம்தான். முறை தவறாமல் பெண்கள் ஏறுகிறார்கள்.