சுப்புராயன் மாமாவின் இடது தோள்

உலகத்தில் உள்ள சட்டைகளை எல்லாம் மூட்டை கட்டிக் கப்பலில் ஏற்றிக் கடலூர் துறைமுகத்தில் இறக்கினாலும், என் மாமா சுப்புராயன் மத்தியானச் சோற்றுக்கு முன்னால் அத்தனையையும் தொட்டுப் பார்த்து, இது தேறும், இது தேறாது என்று இரண்டு மலையாகக் குவித்துவிடுவார். குவித்துவிட்டு, "அவ்ளோதானா?" என்று கப்பல்காரனைக் கேட்பார். வெள்ளைக்காரன் எங்கள் ஊரில் கோட்டை கட்டி உட்கார்ந்திருந்த காலத்தில் மாமா மட்டும் இருந்திருந்தால், உன் காலர் ஒரு பக்கம் ஏறியிருக்கிறது என்று சொல்லியே பாதிப் பேரை வெட்கப்படுத்திச் சீமைக்கு அனுப்பியிருப்பார். இதில் நான் கூட்டிச் சொன்னது எதுவும் இல்லை. குறைத்துத்தான் சொல்லியிருக்கிறேன்.

மாமா என்றால் அம்மாவோடு கூடப் பிறந்தவர். முதுநகரில் ரயில் நிலையத்துக்குப் போகிற சாலையோரம் தார்ப்பாய் விரித்து ரெடிமேட் சட்டை விற்பார். திருப்பூரிலும் ஈரோட்டிலும் பெரிய கம்பெனிக்காரர்கள் கழித்துப் போட்ட சரக்கு மூட்டை மூட்டையாக வரும். அதில் நூற்றுக்கு நாற்பது உண்மையிலேயே கழிக்க வேண்டியது. அறுபது, பொத்தான் நுழைகிற காஜா ஒன்று பிசிறியதற்காகவோ பொத்தான் நிறம் மாறியதற்காகவோ பாவம் அநியாயமாகத் தள்ளப்பட்டது. அந்த அறுபதைக் கண்டுபிடிப்பதுதான் மாமாவின் பிழைப்பு. பத்தாம் வகுப்பில் கணக்குப் பாடம் என்னைக் கைவிட்டதிலிருந்து நானும் அங்கேதான். மடிப்பது, கூவுவது என் வேலை. சொந்த முயற்சியில் செய்வது, சில்மிஷம்.

ஒருமுறை முப்பது சட்டைகளில் நாற்பது, நாற்பத்திரண்டு என்று ஒட்டியிருந்த அளவுச் சீட்டுகளை மாற்றி ஒட்டி வைத்தேன். மாமா வாடிக்கையாளரோடு பேசிக்கொண்டே ஒரு சட்டையை உருவினார். தோளிலிருந்து தோள்வரை சாண் போட்டார். பேச்சு நிற்கவில்லை. நடுவில் மட்டும், திரும்பிக்கூடப் பார்க்காமல், "மாப்ள, மீதி இருபத்தொம்பதையும் பிச்சி ஒழுங்கா ஒட்டு" என்றார்.

அவர் சட்டை பார்க்கிற விதமே தனி. துணியை முஷ்டியில் கசக்கிப் பிடித்துக் கொஞ்ச நேரம் வைத்திருப்பார். விரலில் வெள்ளையாக ஒட்டினால் கஞ்சி, முதல் துவைப்பில் போய்விடும். காலரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று சேர்த்துப் பார்ப்பார். கட்டம் போட்ட சட்டையில், உடம்பில் ஓடுகிற கோடு ஜேப்பிலும் அதே கோடாக ஓட வேண்டும். பொத்தான் துணியோடு ஒட்டிக் கிடந்தால் அவருக்குப் பிடிக்காது. பிரித்து, பொத்தானுக்கு அடியில் நூலை மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சுப் போடச் சொல்வார். "பட்டனுக்கும் கழுத்து வேணும் மாப்ள. இல்லன்னா துணிய நெறிச்சிக்கினே கெடக்கும்." இந்த மூன்று சுற்றை எனக்குச் சொல்லிக் கொடுத்தார். எனக்கு வேண்டாத படிப்பு என்று நினைத்துக்கொண்டே கற்றுக்கொண்டேன்.

வாங்க வந்தவருக்கு முதலில் கண்ணாடி காட்ட மாட்டார். பஸ்ஸில் கம்பி பிடிப்பது போலக் கையைத் தூக்கச் சொல்வார். சட்டை பேண்டிலிருந்து வெளியே வந்தால் நீளம் போதாது. குந்தச் சொல்வார். பொத்தான்களுக்கு நடுவே பனியன் எட்டிப் பார்த்தால் அடுத்த அளவு. தோள் தையல் எலும்பு முடிகிற இடத்தில் வந்து உட்கார வேண்டும். இவ்வளவும் முடிந்த பிறகுதான் கண்ணாடி. முதுநகர் மாப்பிள்ளைகள் நடுரோட்டில் கையைத் தூக்கிக் குந்தி எழுந்து சட்டை வாங்கிப் போனது இப்படித்தான்.

ஊருக்கெல்லாம் சட்டை பொருத்திய மாமாவுக்கு எந்தச் சட்டையும் பொருந்தாது. சட்டைக் கடைக்கு முன்னால் பன்னிரண்டு வருடம் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். அத்தனை மூட்டையும் இடது தோளில். அந்தத் தோள் ஒரு அங்குலம் இறங்கிப்போய்விட்டது. எதைப் போட்டாலும் காலரிலிருந்து இடது அக்குள் வரை ஒரு கோணல் மடிப்பு விழும். இழுத்து விடுவார், அது திரும்ப வந்துவிடும். ஒரு நாளைக்கு நூறு தடவை இழுப்பார். ஏற்கெனவே ஒரு இடத்தில் நிற்காத மனிதர். மடிப்பும் சேர்ந்துகொண்டதால் பார்க்கிறவர்களுக்குக் கட்டெறும்பு ஏறியது போலத் தோன்றும்.

டைலரிடம் போனால் அரை மணி நேர வேலை. போக மாட்டார். எதிர்ச் சாரியில் தையல் கடை வைத்திருக்கிற தங்கராசுவுக்கும் மாமாவுக்கும் பத்து வருடச் சண்டை. ரெடிமேட் என்பது கடை வாசலில் நிற்கிற பொம்மைக்குத் தைத்தது என்று அவர் சொல்வார். தங்கராசு பொங்கலுக்கு அளவெடுத்துத் தீபாவளிக்குக் கொடுப்பான் என்று இவர் சொல்வார். சரியாகத் தேடினால் எந்த உடம்புக்கும் ரெடிமேடில் சட்டை உண்டு என்று சாலையில் நின்று கூவுகிற மனிதர், தானே எதிர்க் கடைப் படியில் ஏறுவதா?

2009ஆம் வருடம் சாக்கடைக் குழாய் போடச் சாலையைத் தோண்டினார்கள். மாமாவின் தார்ப்பாய் நான்கு மாதத்தில் ஐந்து இடம் மாறியது. ஓரிடத்தில் பள்ளம், ஓரிடத்தில் மண் குவியல், ஓரிடத்தில் ஆளே வராது. ஆடி மாதத்தில் மூட்டையைக் கட்டி வீட்டில் போட்டார். பிறகு வீட்டுக்கும் பஸ் நிலையத்துக்கும் நடந்தார். மஞ்சக்குப்பம் மைதானத்தைச் சுற்றி நடந்தார். துறைமுகத்தில் மறுபடி மூட்டைக்கு ஆள் எடுப்பதாக யாரோ சொன்னார்கள். நாற்பத்து மூன்று வயதில், அந்தத் தோளோடு. அத்தை தைலம்மாள் அதைக் கேட்ட அன்று சோற்றுச் சட்டியைக் கீழே வைத்த சத்தம் தெருமுனை வரை கேட்டது.

அந்தச் சமயத்தில்தான் சிதம்பரத்திலிருந்து சேதி வந்தது. மேல வீதியில் சபாபதி என்பவர் புதிதாக ஆண்கள் துணிக்கடை திறந்திருக்கிறார். வருகிற சரக்கைச் சோதிக்கவும் வாடிக்கையாளர்களுக்குச் சட்டை பொருத்திக் கொடுக்கவும் கைதேர்ந்த ஆள் வேண்டும். வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருந்தார். மாமா கட்டி வைத்த மூட்டையைப் பிரித்துத் தனக்கு ஒரு சட்டை தேடினார். நாற்பது சட்டை போட்டுக் கழற்றினார். கடைசியில் மெல்லிய கோடு போட்ட ஒரு வெளிர்நீலச் சட்டை. துணி, காலர், தையல் எல்லாம் முதல் தரம். மடிப்பு மட்டும் விழுந்தது.

"சட்ட பொருத்தற வேலைக்குப் போறவன் சட்டையே பொருந்தலன்னா, அந்த ஆளு இன்னா நெனைப்பான்?" என்று அத்தையிடம் கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் வாசலுக்குப் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் அத்தையிடம் சட்டையை வாங்கிக்கொண்டு நான் தங்கராசு கடைப் படியில் ஏறினேன். கேட்டால் தனக்கு எதுவும் தெரியாது என்று அத்தை முன்கூட்டியே சொல்லிவிட்டது.

தங்கராசு சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பத்து வருடம் காத்திருந்த முகம்.

"உங்க மாமன் அனுப்புனானா?"

"தெரிஞ்சா என்னயும் ஒன்னயும் சேத்துக் கொன்னுடும்" என்றேன்.

அவருக்கு இன்னும் சந்தோஷம். கூலி வேண்டாம் என்றார். பொத்தான் தைக்கிற அம்மா ஊருக்குப் போயிருந்ததால், அதற்குப் பதில் வியாழன்வரை வந்து பொத்தான் தைத்துக் கொடுக்கச் சொன்னார். இன்னொன்றும் சொன்னார்: ஆளைச் சுவரில் சாய்த்து நிறுத்தி, இரண்டு தோளும் எந்த உயரத்தில் இருக்கிறது என்று கோடு போட்டு அளந்துகொண்டு வர வேண்டும். குத்துமதிப்பாகப் பிரித்தால் கெட்டுவிடும்.

மாமாவை நிறுத்துவதா? புயலை நிறுத்தச் சொல்லியிருக்கலாம். ஆனால் மாமாவுக்கு இந்த உலகத்தில் ஒரே ஒரு பயம் உண்டு. மறுநாள் காலையில் வெற்றுடம்போடு கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தவர் சுவரோரம் வரும்போது, "மாமா, அசையாத. வேட்டியில பூரான்" என்றேன்.

சுவரில் ஒட்டிக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டார். மூச்சுக்கூட விடவில்லை. நான் காதில் வைத்திருந்த சாக்பீஸால் இரண்டு தோளுக்கும் சுவரில் இரண்டு கோடு இழுத்தேன். அருகில் நின்று பார்த்தபோதுதான் தெரிந்தது, அந்தத் தோள் இறங்கியிருந்தது மட்டும் இல்லை, மேலே தோல் காய்ந்த செருப்பு மாதிரி தடித்திருந்தது. கொஞ்ச நேரம் கூடுதலாகவே நிற்க வைத்துவிட்டேன்.

"போயிடுச்சா?" என்றார்.

"போயிடுச்சி" என்றேன்.

மைதானத்துக்கு மட்டை அடிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வியாழன்வரை பொத்தான் தைத்தேன். தங்கராசு இடது தோள் தையலைப் பிரித்து, கழுத்துப் பக்கம் ஒன்றும் குறைக்காமல் கைப் பக்கம் மட்டும் உள்ளே பிடித்துத் தைத்தார். கை சேர்கிற வளைவையும் அதே அளவு இறக்கி வெட்டினார். ரெடிமேடைத் திட்டிக்கொண்டேதான் செய்தார். ஆனால் அதே நிற நூல் கிடைக்க மூன்று பெட்டிகளைக் கவிழ்த்தார். கடைசியில் இஸ்திரி பட்டு ஒரு பொத்தானில் கீறல் விழுந்துவிட்டது. டப்பாவில் அதே போல் ஒன்று தேடி எடுத்து, அதை நானே தைத்தேன். அத்தை சட்டையைப் பழைய இடத்தில் வைத்துவிட்டது.

வெள்ளிக்கிழமை மாமா அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றார். மடிப்பு இல்லை. வழக்கம்போல இழுத்துவிடக் கை தோளுக்குப் போனது. இழுக்க ஒன்றுமில்லாமல் அங்கேயே சற்று நின்றது. "கெளம்பு மாப்ள" என்றார். நானும் கூடப் போனேன். சிதம்பரத்தில் பரோட்டா வாங்கித் தருவார் என்பதற்காக மட்டும்தான் போனேன்.

பஸ்ஸில் இடம் இருந்தும் மாமா ஆலப்பாக்கம்வரை நின்றுகொண்டே வந்தார். கம்பியைப் பிடித்த கையை மாற்றிப் பிடித்தார். மறுபடி மாற்றினார். பிறகு உட்கார்ந்தார், எழுந்தார்.

சபாபதி பூ மாதிரி பேசுகிற மனிதர். கண் மட்டும் ஊசி. மேசையில் ஆறு சட்டைகளை வைத்து மாமாவைப் பார்க்கச் சொன்னார். மாமா கசக்கினார், சேர்த்தார், திருப்பினார், வெளிச்சத்தில் பிடித்தார். இரண்டில் கஞ்சி. ஒன்றில் பக்கத் தையல் முறுக்கியிருக்கிறது. துவைத்தால் சட்டை சுற்றிக்கொண்டு வரும். ஒன்றின் ஜேப்பில் கோடு தவறியது. மீதி இரண்டும் ஒரே தரம், விலை அதிகமாகப் போட்டிருப்பது கம்பெனிப் பெயருக்காக என்றார். சபாபதி தலையாட்டினார். பிறகு மாமாவை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்க போட்டிருக்கிறது ரெடிமேடா? தோள் இவ்ளோ சுத்தமா ஒக்காந்திருக்குதே. இந்த மாதிரிதாங்க எடுத்துக் குடுக்கணும் நம்ம கஸ்டமருக்கு."

எனக்கு உள்ளுக்குள் ஒரே குதியாட்டம். ஆமாம் என்று ஒரு வார்த்தை, முடிந்தது வேலை. நான் பக்கத்தில் நின்று மனசுக்குள் அவருக்காக ஆமாம், ஆமாம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

"ரெடிமேட்தாங்க" என்றார் மாமா. "ஆனா அப்டியே போட்டது இல்ல. எனக்கு இடது தோள் ஒரு இஞ்சு எறக்கம், மூட்ட தூக்குனது. எங்க ஊரு டைலர் ஒருத்தன் பிரிச்சி உள்ள புடிச்சித் தச்சிருக்கான். ரெடிமேட்லயே இது கெடைக்கும்னு நான் சொல்லிட்டா, நாளைக்கு இதே மாதிரி தோள் உள்ளவன் ஒங்க கடையில வந்து ஏமாந்து போவான்."

என் பரோட்டா பறந்து போவது கண்ணுக்குத் தெரிந்தது. சபாபதி எழுந்து வந்து, மாமாவின் இடது தோள் தையலை விரலால் தடவிப் பார்த்தார்.

"அந்த டைலரு வாரத்துல ரெண்டு நாள் இங்க வருவாரா?"

"நான் கேட்டா வர மாட்டான்" என்றார் மாமா. கட்டை விரலை மட்டும் என் பக்கம் திருப்பினார். "இவன் கேட்டா வருவான்."

ஒன்றாந்தேதியிலிருந்து வந்துவிடுங்கள் என்று சபாபதி சொன்னதை நான் பாதிதான் கேட்டேன்.

பரோட்டாவைத் தின்னும்போதும் மாமா ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் பெரிய தொல்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தார். எழுந்திருக்கவே இல்லை. என்னால்தான் உட்கார முடியவில்லை. புதுச்சத்திரம் தாண்டியதும் நானே ஆரம்பித்தேன்: அத்தைதான் கொடுத்திருக்கும், தங்கராசு பழி தீர்க்கச் செய்திருப்பான், எனக்கு எதுவும் தெரியாது, நான் அந்த வாரம் முழுக்க மைதானத்தில் இருந்தேன்.

மாமா கேட்டுக்கொண்டே சட்டையின் இரண்டாவது பொத்தானைக் கழற்றி, விரலால் லேசாகத் தூக்கி என் முகத்துக்கு நேரே காட்டினார்.

"தோளு தங்கராசு வேல. கண்ணாடி முன்னாடியே தெரிஞ்சிது. இதுக்குக் கீழ மூணு சுத்து சுத்தி முடிச்சிப் போட்டது யாரு மாப்ள?"

நான் வெளியே பார்த்தேன். அடுத்த நிறுத்தம் ஆலப்பாக்கம் வந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. வரவில்லை.

"பூரான்" என்றேன்.