எங்கள் பலகையில் ஒரு வெற்றிடம்

சுனாமிக்குப் பிறகு மட்டக்களப்பில் நான் எழுதுவினைஞராக இருந்த வேலைவாய்ப்பு நிலையத்தில், உத்தியோகத்தர்களுக்கு ஊர் நிலவரம் அத்துப்படி. தன்னாமுனையில் ஒரு வாடகை வீட்டில் ஜெனரேட்டர் இறங்கினால் போதும், புதிய தொண்டு நிறுவனம் வருகிறது, ஆள் எடுப்பார்கள் என்று மோப்பம் பிடித்துவிடுவார்கள். உடனே விண்ணப்பமும் போடுவார்கள், தங்களுக்கு. பழுகாமத்திலிருந்து வாவி கடந்து வரும் பட்டதாரியிடம், "ஒண்டும் வரல்ல மகன், அடுத்த கிழமை வாங்க" என்பார்கள்.

இப்படி உத்தியோகத்தர்கள் ஒவ்வொருவராகத் தொண்டு நிறுவனங்களுக்குப் போனதில், கடைசியில் எங்கள் அறிவித்தல் பலகையில் ஒரேயொரு வெற்றிடம்தான் தொங்கியது: எங்கள் நிலையத்து உத்தியோகத்தர் பதவி.

"அதையாவது தாங்க சேர்" என்றான் அந்தப் பட்டதாரி.

மிஞ்சியிருந்த பொறுப்பதிகாரி மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி சொன்னார்: "அதுக்கு, ஆக்களுக்கு வேலை எடுத்துக் குடுத்த அனுபவம் வேணும் மகன்."