நடுவில் ஒரு கொறங்காடு

செல்லாத்தாளக்காவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், ஊரே அறியும். காரமடையில் வாழையும் பாக்குமாகப் பார்த்து வளர்ந்தவர். காங்கேயத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில், மாமனாரின் வறண்ட நிலத்தைப் பார்த்துவிட்டு, "இது காடுங்களா, சுடுகாடுங்களா?" என்று கேட்டாராம். திட்டினாலும் மரியாதையாகத்தான் திட்டுவோம் நாங்கள்.

இப்போது அந்த நிலத்தைப் பற்றி யாராவது ஒரு சொல் குறைத்துப் பேசட்டும், தெரியும் சேதி! அது கொறங்காடு. கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரங்களுமாக, மாடு மேய்வதற்கென்றே விட்டிருக்கும் நிலம். அக்காவின் காங்கேயம் மாடுகள் அதை நம்பித்தான் இருக்கின்றன. புல் போனால் மாட்டை விற்க வேண்டும். மாடு போனால் சாணம் விழாது, மண்ணும் செத்துப்போகும்.

புல்லுக்கு எமனாக வந்தது பார்த்தீனியம் என்கிற களைச்செடி. அதன் விதை காற்றிலும் மழைத்தண்ணீரிலும் பரவும். யார் வேலியையும் மதிக்காது. அதனால் பக்கத்துக் காட்டுக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து, மழை பெய்ததும் ஒவ்வொரு காடாக இறங்கி, பூ வைக்கும் முன் வேரோடு பிடுங்குவோம். எங்களைக் கூட்டியது அக்காதான். வராதவர் வாசலில் போய் நின்று, "உடம்பு சொகமில்லீங்களா?" என்று அவர் கேட்டால், சும்மா இருந்தவருக்கே காய்ச்சல் வந்துவிடும்.

நடுவில் இருந்த ஒரு காட்டை மட்டும் தொட முடியவில்லை. சொந்தக்காரர் இறந்து, சென்னையில் வளர்ந்த மகன் கவின் கைக்கு அது வந்திருந்தது. அவன் கோவையில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தான். போன ஐப்பசி மழைக்குப் பிறகு அங்கே பார்த்தீனியம் இடுப்பளவு வளர்ந்து மொட்டு வைத்துவிட்டது.

"வேலியோரமா மருந்தடிச்சுபோட்டா வேலை முடிஞ்சுதுங்க அம்மணி," என்றார் பக்கத்துக் காட்டு வெள்ளியங்கிரி.

"புல்லும் கூடவே முடிஞ்சுருமுங்க. அப்பறம் கவுதாரி எங்க போயி முட்டை வெக்கும், உங்க ஊட்டுலீங்களா?" என்றார் அக்கா.

கவினுக்குப் போன் போட்டார். நாங்களே பிடுங்கிக்கொள்கிறோம், உள்ளே இறங்கச் சம்மதம் சொன்னால் போதும் என்று கேட்டார்.

"பாக்கலாம் ஆன்ட்டி," என்றான் அவன்.

அவ்வளவுதான், போனை வைத்துவிட்டார். எங்கள் பக்கம் யாரும் முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்ல மாட்டோம். பெண் கேட்டுப் போனாலும் பிடிக்காவிட்டால் "பாக்கலாமுங்க"தான். கேட்டவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். அன்று அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கவினின் காட்டுக்குள் யாரோ நடமாடினார்கள். மாட்டுத் திருடன் என்று நினைத்து அக்கா தடியோடு ஓடினார். நானும் பின்னால் ஓடினேன். முழுக்கைச் சட்டை, கையுறை, முகத்தில் மாஸ்க். கவின்தான்!

"பாக்கலாம்னு சொன்னேனே ஆன்ட்டி, பாக்க வந்தேன். யாரையும் காணோம்?"

தடியை எங்கே ஒளிப்பது என்று அக்காவுக்குத் தெரியவில்லை. "அட, நெசமாலுமே பாக்கறதுக்குத்தான் சொன்னீங்களா கண்ணு!" என்று சிரித்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் எல்லோரும் வந்து சேர்ந்தோம், வெள்ளியங்கிரியும்தான். பொழுது சாய்வதற்குள் காடு முழுவதையும் பிடுங்கி முடித்தோம்.

சித்திரை மழைக்குப் பிறகு கவின் மறுபடி வந்தான். காடெங்கும் பார்த்தீனியக் குருத்து முளைத்திருந்தது. அவன் முகம் வாடிவிட்டது.

"எல்லாம் வேஸ்ட்டா ஆன்ட்டி?"

"மண்ணுக்குள்ள கெடக்கற வெதை இன்னும் நாலஞ்சு வருசம் மொளைக்குமுங்க. நாமளும் புடுங்கிட்டேதான் இருக்கோணும்," என்றார் அக்கா. ஆறுதலுக்காகக்கூடப் பொய் சொல்லத் தெரியாதவர். பிறகு குத்துக்காலிட்டு உட்கார்ந்து குருத்துகளை விலக்கினார்.

"காலடியில பாருங்க கண்ணு. கொழுக்கட்டைப் புல்லு. மிதிச்சுபோட்டீங்க."

கவின் பதறிப்போய்க் காலைத் தூக்கினான். தூக்கிய காலை வைக்க இடம் தேடினான். இந்தப் பக்கம் புல், அந்தப் பக்கமும் புல். காலைக் கீழே வைக்க மனம் வராமல் ஒற்றைக்காலிலேயே நின்றான்.