அரிசி மூட்டையும் நானும்

கண்ணழுத்த நோய் என் பக்கப்பார்வையைக் குறைத்தபின், வண்டி ஓட்டக்கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். திண்டுக்கல்லின் ஓரத்தில், பேருந்து அரிதாகவே வரும் குடியிருப்பில் வாழும் எங்களுக்கு அந்த ஸ்கூட்டரே கால்கள். செய்தி அறிந்த மகன், பொங்கலுக்கு வரும்போது எங்கள் இருவரையும் சென்னைக்கே அழைத்துச் சென்றுவிடுவதாக முடிவு செய்தான். மறுநாள் காலையில் என் மனைவி வண்டிச் சாவியை எடுத்துத் தம் முந்தானையில் முடிந்துகொண்டார். அறுபதைக் கடந்த அவர் அதுவரை மிதிவண்டிகூட ஓட்டியவரல்லர்.

அப்போது நான் இதழொன்றுக்காக மூளை பற்றிய கட்டுரையைத் தமிழாக்கிக்கொண்டிருந்தேன். நரம்புச் செல்களைச் சூழ்ந்திருக்கும் கிளையல் செல்களே அதன் பேசுபொருள். அவற்றை வெறும் பசை என்றே அறிஞர் நெடுங்காலம் கருதினர். உண்மையில் அவற்றுள் ஒருவகை, நரம்பிழைகளின்மேல் கொழுப்புறை போர்த்திச் செய்தியை விரைந்தோடச் செய்கிறது. இன்னொரு வகை, நரம்புச் செல்களுக்கு ஊட்டமளித்து, அவை ஒன்றையொன்று சந்திக்கும் இடங்களைச் சீர்செய்கிறது. புதிய செயலைப் பழகுகையில் புதிய உறைகள் தோன்றுகின்றன. முதுமையில் அவ்வேலை மெதுவாகிறதே ஒழிய நின்றுவிடுவதில்லை. இந்த வரியை நான் எழுதிக்கொண்டிருந்தபோதுதான் வெளியே ஸ்கூட்டர் வேலியில் மோதும் ஓசை கேட்டது.

முழங்கைச் சிராய்ப்புக்கு மருந்திட்டபடியே அதை அவருக்குப் படித்துக் காட்டினேன்.

“மெதுவா வந்தா வரட்டும். பொங்கலுக்குள்ள வந்தாப் போதும்” என்றார்.

அன்றுமுதல் நாள்தோறும் காலையில் ஓட்டிப் பழக, வண்டியைத் தள்ளிக்கொண்டு அருகிலுள்ள திடலுக்குச் செல்வார். பகலில் குழம்பைக் கிளறும்போதுகூட அவருடைய வலக்கை மணிக்கட்டு வேகத்தைக் கூட்டுவதுபோல் தானாகத் திருகும். காண எனக்கு வியப்பாக இருந்தது. தனியே ஓட்டக் கற்றுவிட்டார். என்னை ஏற்றிச் செல்வதே மிச்சம். எங்கள் வீட்டுக்கு எதிரே பிரியாணிக் கடை வைத்திருக்கும் பாய் சீரகச்சம்பா மூட்டையொன்றைக் கொண்டுவந்து பின்னிருக்கையில் கட்டினார். “ஐயா வெயிட்டு இம்புட்டுத்தான் இருக்கும்க்கா. கீழ போட்டாலும் இது திட்டாது” என்றார். அம்மூட்டையைச் சுமந்து என் மனைவி திடலை வட்டமிட்டார்.

பின்பு என் முறை வந்தது. முதல் வளைவிலேயே நான் எதிர்ப்பக்கம் சாய்ந்து, இடம், வலம் என்று வழியும் சொன்னேன். இருவரும் மணலில் விழுந்தோம்.

எழுந்து புடவையைத் தட்டியவர், “மூட்டை மாதிரி உக்காருங்க. அது ஒருநாளும் எனக்கு வழி சொன்னதில்ல” என்றார்.

அமர்ந்தேன். சில நாள்களில் அவர் தோள் சாயும் பக்கமே என் உடலும் தானே சாயக் கற்றது. பேசாமல் துணைநிற்பதும் ஒரு வேலைதான் என்பதைக் கட்டுரை முன்பே சொல்லியிருந்தது; என் உடலுக்கு அது திடலில்தான் விளங்கியது.

உரிமத் தேர்வில், தரையில் வரைந்திருந்த எட்டின்மேல் காலூன்றாமல் ஓட்ட வேண்டும். அவருக்குமுன் சென்ற இளைஞர் ஒருவர் காலூன்றிவிட்டுத் தலைகுனிந்து திரும்பினார். என் மனைவி புடவையைச் செருகிக்கொண்டு புறப்பட்டார். குறுகிய வளைவில் வண்டி நின்றுவிடும்போலத் தயங்கியது; வலக்கை மணிக்கட்டு மெல்லத் திருகியது; வண்டி நகர்ந்தது. கால் தரையைத் தொடவேயில்லை. அறுபதுக்குமேல் அந்த மூளைக்குள் ஓசையின்றி நடந்த நெசவை எண்ணி நான் கைகூப்பி நின்றேன்.

பொங்கலுக்கு முந்தைய நாள் மகன் ரயிலில் வந்திறங்கினான். நிலையத்தில் ஸ்கூட்டருடன் நின்ற தாயைக் கண்டு திகைத்து, பையோடு பின்னால் ஏறிக்கொண்டானாம். கடைத்தெரு நெரிசலில், “அம்மா, அந்தப் பக்கம் பஸ்ஸு வருது, இப்படி ஒதுங்குங்க” என்று சொல்லியிருக்கிறான்.

“பின்னாடி இருக்குற மூட்டை பேசக்கூடாது அப்பு” என்று சொல்லிவிட்டு வளைந்தாராம். வீடு வந்து இதைச் சொல்லி நெடுநேரம் சிரித்தவன், சென்னைப் பேச்சை எடுக்கவே இல்லை.