சுகப்பிரியா போட்ட கட்டங்கள்

சுகப்பிரியாவுக்கு இரண்டு மொழிகளில் பேசாமல் இருக்கத் தெரியும். பத்தாவது வரை கோவில்பட்டியில் தமிழ் வழியிலும், அதற்குப் பிறகு ஆங்கில வழியிலும் படித்ததில் அவளுக்குக் கிடைத்த பலன் அது. வகுப்பில் பதில் தெரிந்தாலும் கை தூக்க மாட்டாள். பஸ்ஸில் தான் இறங்க வேண்டிய இடம் வந்தால், வேறு யாராவது இறங்குகிறார்களா என்று பார்ப்பாள். யாரும் இறங்கவில்லையென்றால் அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடப்பாள். அப்படி நடந்த தூரத்தையெல்லாம் சேர்த்து வைத்திருந்தால் கோவில்பட்டியிலிருந்து மெட்ராசுக்கே நடந்து வந்திருக்கலாம்.

ஆனால் ரயிலில்தான் வந்தாள். 2003-ஆம் ஆண்டு, ஒரகடத்தைத் தாண்டிச் சேரப்பணஞ்சேரி பக்கம், கார்க் கதவுகளுக்கு ரப்பர் பட்டை செய்யும் கம்பெனி ஒன்றில் மனிதவளப் பிரிவுப் பயிற்சியாளராகச் சேர்ந்தாள். மனிதர்களோடு பேசுவதுதான் அந்தப் பிரிவின் வேலை என்பது சேர்ந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஒரகடம் கூட்டுரோட்டு எஸ்.டி.டி. பூத்திலிருந்து அம்மா நாச்சியாருக்குப் போன் செய்வாள்.

"பேசுட்டி. மீட்டர் ஓடுது."

"ம்."

"இந்த 'ம்'முக்கா எஸ்.டி.டி. போட்ட? சாப்பிட்டியா, வேல நெரந்தரம் ஆயிட்டா, ஏதாவது சொல்லு."

வேலை நிரந்தரம் ஆகவில்லை. பயிற்சிக் காலம் அந்த மாதத்தோடு முடிகிறது. ஆகாவிட்டால் ஊரில் மாமா நடத்தும் நர்சரிப் பள்ளிக்கூடம் காத்திருந்தது. அங்கே எல்.கே.ஜி. பிள்ளைகள் முன்னால் நின்று யானை மாதிரி அசைந்து, முயல் மாதிரி குதித்துப் பாட்டுச் சொல்லித் தர வேண்டும். அதை நினைத்தால் சுகப்பிரியாவுக்கு இரவுச் சாப்பாடு இறங்காது.

அந்த நேரத்தில்தான் அவளுடைய மேலாளர் ஸ்ரீதர் அழைத்தார். அவரும் கம்பெனிக்குப் புதிது. நங்கநல்லூரிலிருந்து காரில் வந்து, காரில் திரும்புகிறவர்.

"கார் கம்பெனிலேர்ந்து ஆடிட்டுக்கு வர்றாங்க. புது மாடலுக்கு நம்மகிட்ட ஆர்டர் தரலாமான்னு பார்க்கத்தான். நம்ம பிசினஸ் சூழ்நிலை என்ன, ஸ்டேக்ஹோல்டர்ஸ் யார் யாருன்னு ஒரு அனாலிசிஸ் கேட்டிருக்காங்க. நீ எம்.பி.ஏ. கரஸ்பாண்டன்ஸ்ல படிக்கறல்ல? இதை நல்லா பண்ணு. உன் கன்ஃபர்மேஷனை நான் பார்த்துக்கறேன்."

கம்பெனியால் யாருக்கெல்லாம் நல்லது கெட்டது உண்டு, கம்பெனிக்கு யாரால் நல்லது கெட்டது உண்டு என்று பார்த்து, அவர்களை நான்கு கட்டங்களில் பிரித்து உட்கார வைக்க வேண்டும். அதிகாரம் உள்ளவர், இல்லாதவர். அக்கறை உள்ளவர், இல்லாதவர். பாடப் புத்தகம் தெளிவாகச் சொல்லியிருந்தது: முதலில் எல்லோரையும் சந்தித்துப் பேசவும். சுகப்பிரியா அந்த வரியை இரண்டு முறை படித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனாள்.

ஃபைல் அறையில் பில்கள் இருந்தன. பில்களோடு பேச வேண்டியதில்லை. அவற்றிலிருந்தே பெயர்களை எடுத்தாள். ஊழியர்களை அழைத்து வரும் பஸ், லீலா டிராவல்ஸ். தண்ணீர் லாரி, பூஜா வாட்டர் சப்ளை. கேன்டீன், கங்கம்மாள் கேட்டரிங். ரப்பர் கழிவை அள்ளிப் போவது, கோதண்டம் டிரேடர்ஸ். பெண்கள் இவ்வளவு பேர் தொழில் செய்கிறார்களே என்று பெருமையாகக்கூட இருந்தது. அந்தப் பெருமையையும் அவள் யாரிடமும் சொல்லவில்லை.

சார்ட் பேப்பரில் ஸ்கெட்ச் பேனாவால் கட்டங்கள் போட்டாள். தண்ணீர் இல்லாமல் எந்திரம் ஓடாது என்பதால் பூஜாவை உச்சியில் வைத்தாள்: 'மிக முக்கியம், திருப்தியாக வைத்திருக்கவும்.' கேன்டீனைப் பற்றிப் புகார் எதுவும் ஃபைலில் இல்லாததால் கங்கம்மாள் கீழ் மூலைக்குப் போனார்: 'அவ்வப்போது கவனித்தால் போதும்.' கழிவை அள்ளும் கோதண்டத்துக்குப் பக்கத்துக் கட்டம். பஸ் தினமும் பத்து நிமிடம் தாமதம். ஆகவே லீலாவுக்கு அதிகாரம் அதிகம், அக்கறை குறைவு. பக்கத்தில் சிவப்பில் எழுதினாள்: 'மாற்ற வேண்டும்.'

அறைத் தோழி தங்கமாரி சார்ட்டை எட்டிப் பார்த்தாள். சங்கரன்கோவில்காரி, ரப்பர் வெட்டும் லைனில் வேலை.

"என்னட்டி இது, கலர் கலரா கோலம்?"

"கம்பெனி வேலை."

அதற்கு மேல் இரண்டு வார்த்தை பேசியிருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும்.

ஸ்ரீதருக்குச் சார்ட் மிகவும் பிடித்துப் போயிற்று. "ஆக்ஷன் எடுத்திருக்கோம்னு ஆடிட்ல காட்டணும்" என்றார். லீலா டிராவல்ஸுக்கு அன்றைக்கே நோட்டீஸ் போயிற்று: அடுத்த மாதத்திலிருந்து உங்கள் சேவை தேவையில்லை. சுகப்பிரியாதான் தட்டச்சு செய்தாள், நல்ல ஆங்கிலத்தில். கூரியருக்குக் கொடுத்ததும் அவள்தான். தன் முடிவால் ஒரு பஸ் கம்பெனியே மாறப்போகிறது என்று நினைத்தபோது, எல்.கே.ஜி. யானை கொஞ்சம் தூரமாகப் போய் நின்றது.

இரண்டு நாள் கழித்துக் காலையில் தண்ணீர் லாரி வரவில்லை. கழிவு ஏற்றும் லாரியும் வரவில்லை. ரப்பர் துண்டுகள் வாசல் வரை குவிந்தன. மதியம் கேன்டீனில் தயிர்சாதம் மட்டும் இருந்தது, அதிலும் தயிரைத் தேட வேண்டியிருந்தது. ஆடிட்டுக்கு நடுவில் ஒரு நாள்தான் இருந்தது.

"எல்லாருக்கும் போன் போடு" என்றார் ஸ்ரீதர்.

போன் சுகப்பிரியாவின் பரம எதிரி. சொல்ல வேண்டியதைத் துண்டுத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு பூஜா வாட்டர் சப்ளைக்கு அடித்தாள். ஓர் ஆண் குரல், "லாரி ரிப்பேர்மா" என்று சொல்லி வைத்துவிட்டது. கங்கம்மாள் கேட்டரிங்குக்கு அடித்தாள். "கேஸ் தீந்துடுச்சிம்மா." குரல் எங்கோ கேட்ட மாதிரி இருந்தது. கோதண்டம் டிரேடர்ஸுக்கு அடித்தாள்.

"இன்னாம்மா, மூணாவது தபா பண்றே" என்றது அதே குரல். "ஒரே மேசை மேல மூணு போனு. எடுத்து எடுத்து கை வலிக்குது. பஸ்ஸு வேணாம்னு நோட்டீஸ் அனுப்பிச்சீங்களே, அதுவும் இங்கதான் வந்துச்சி. என் கொரலு கேக்கணும்னா நேர்ல வா. நாலு வயக்காடு தள்ளித்தான் வூடு கீது."

சுகப்பிரியா சார்ட்டைத் திரும்பிப் பார்த்தாள். நான்கு கட்டங்களிலும் அவள் உட்கார வைத்திருந்தது ஒரே ஆளை.

"தாண்டவராயன் அண்ணாச்சிதானே?" என்றாள் தங்கமாரி, டீ இடைவேளையில். "கம்பெனி நிக்கிற எடமே அவுக நெலம்தான். வித்துட்டு, எல்லா கான்ட்ராக்டும் எடுத்துக்கிட்டாவ. கோதண்டம் அவுக மச்சான், நம்ம பஸ்ஸ ஓட்டுதாருல்லா. எல்லாருக்கும் தெரியுமே."

"எனக்குச் சொல்லலையே அக்கா."

"நீ கேக்கலையேட்டி."

ஸ்ரீதருக்கு அவசர மீட்டிங் வந்துவிட்டது. "நீதானே பண்ணின அனாலிசிஸ், நீயே போய்ப் பேசிட்டு வா" என்றார். சுகப்பிரியா சார்ட்டைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனாள். காட்டுவதற்காக அல்ல, கையில் எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

புது மாடி வீடு. வாசலில் பஸ், பக்கத்தில் ரிப்பேர் என்று சொல்லப்பட்ட தண்ணீர் லாரி, பளபளவென்று கழுவப்பட்டு நின்றது. கூடத்தில் தாண்டவராயன் லுங்கியோடு நாற்காலியில் இருந்தார். அவர் மனைவி முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். ஐந்தாவது படிக்கிற மாதிரி ஒரு சிறுமி தரையில் வீட்டுப்பாடம் எழுதினாள்.

"அண்ணாச்சி, நான் கம்பெனியிலிருந்து..." என்று ஆரம்பித்தாள். பயத்தில் ஊர்ப் பேச்சு வந்துவிட்டது.

"அண்ணாச்சியா? நான் இன்னா மளிக கடையா வெச்சிகினு கீறேன்?"

நறுக்கிக்கொண்டிருந்த பெண் சிரித்துவிட்டார். "சும்மா இருய்யா. அது ஊரு பக்கம் மரியாதைக்கு அப்டி சொல்லுவாங்க. குந்தும்மா."

அதற்குள் சிறுமி சார்ட்டை உருவி விரித்துவிட்டாள். "கட்டம் கட்டமா கீது. யாரு ஜாதகம்கா இது?" என்றவள், படித்துக்கொண்டே வந்து நிமிர்ந்தாள். "அப்பா, எம் பேரு மேல கீது. மிக முக்கியமாம். திருப்தியா வெச்சிக்கணுமாம்."

"நீதான் பூஜாவா?" என்றாள் சுகப்பிரியா.

"ஆமா. அம்மா பேரும் கீது. மாத்த வேண்டும்னு போட்டுகீது."

லீலா அரிவாள்மனையிலிருந்து கையை எடுத்தார். "யாரை மாத்தணும்? என்னையா?"

"உங்களை இல்லைக்கா, டிராவல்ஸை..."

"கல்யாணமாகி பதிமூணு வருசம் ஆவுது. அந்த ஆளுக்கே தோணல, உனுக்குத் தோணிகீது."

தாண்டவராயன் சார்ட்டை வாங்கிக் கீழ் மூலையை நெடுநேரம் பார்த்தார். "கங்கம்மா எங்கம்மா. செத்து எட்டு வருசம் ஆவுது. அவ்வப்போது கவனித்தால் போதும்..." மீசையைத் தடவினார். "உசுரோட இருக்கசொல்ல நானும் அவ்ளோதான் கவனிச்சேன். அத்த விடு. எம் பேரு எங்க?"

இல்லை. அவர் பெயரில் எதுவும் இல்லாததால் சார்ட்டிலும் இல்லை. சுகப்பிரியாவுக்குத் தரைக்குள் இறங்கிப் போய்விடலாம் போல இருந்தது. ஓடிப் போகவும் முடியாது. சார்ட் அவர் கையில்.

"எனக்கு உங்களைத் தெரியாது. யார்கிட்டயும் கேட்கவும் இல்ல. பில்லைப் பார்த்துப் போட்டேன்" என்றாள். அந்த வீட்டில் அவள் சேர்ந்தாற்போல் மூன்று வாக்கியம் பேசியது அதுதான் முதல் முறை.

"பஸ்ஸு போனா போவுது. நோட்டீஸ கூரியர்ல அனுப்பிச்சீங்களே, அதான் ரோதன. இங்கேர்ந்து மெட்ராசு போயி, அங்கேர்ந்து வந்திருக்குது. நாலு வயக்காடு தாண்டி வந்து சொல்ல ஆள் இல்லையா? இங்கிலீஷ்ல வேற. பூஜாதான் படிச்சி அர்த்தம் சொல்லிச்சி. எம் பொண்டாட்டி பேருல கீற கம்பெனிய வேணாம்னு எம் பொண்ணே எனக்குப் படிச்சிக் காட்டுது."

சுகப்பிரியா தலைகுனிந்தாள். அந்த ஆங்கிலத்தை அவள் மூன்று முறை திருத்தி அழகாக்கியிருந்தாள்.

"ஆடிட் நல்லபடியா முடியலன்னா புது ஆர்டர் வராதுங்க" என்றாள்.

"அது எனுக்குத் தெரியாதா? கம்பெனி படுத்துதுன்னா என் பஸ்ல யாரு ஏறுவா, என் தண்ணிய யாரு குடிப்பா? உங்க மேனேஜருக்கு நங்கநல்லூர்ல வேற வேல கெடைக்கும். எனுக்கு?"

அக்கறை குறைவு என்று எழுதிய கை சுகப்பிரியாவின் மடியில் ஒளிந்துகொண்டது.

"சரி. நோட்டீஸ வாபஸ் வாங்கிக்கிறீங்களா?"

"எனக்கு அதிகாரம் இல்ல. நான் பயிற்சியாளர்தான். ஆனா ஸ்ரீதர் சார்கிட்ட நானே பேசறேன்." அந்த வாக்கியம் வெளியே வந்த பிறகு, யார் சொன்னது என்று அவளே ஒரு நொடி பார்த்தாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். "ஆனா பஸ் தினமும் லேட். அது பொய் இல்ல."

தாண்டவராயன் மனைவியைப் பார்த்தார். மச்சானைப் பற்றி அந்த வீட்டில் அவரும் பேச முடியாது என்று தெரிந்தது.

"எங்கண்ணன் ஏந்திருக்க லேட்டாவும்" என்றார் லீலா கடைசியில். "நாளான்னிக்கு நானே போய் எழுப்பறேன். பத்து நிமிசம் முன்னாடி வரும் பஸ்ஸு. போதுமா?"

அதிகாரம் அதிகம் என்று லீலாவுக்குப் போட்டது மட்டும் சரி. தெரியாமல் போட்டது.

திரும்பிப் போய் ஸ்ரீதரிடம் பேசினாள். குரல் நடுங்கியதால் அவர் அவள் அழப்போகிறாள் என்று பயந்து, அன்றே நோட்டீஸைத் திரும்பப் பெறச் சம்மதித்தார். அதைச் சுகப்பிரியா தமிழில் எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்கி, நடந்து போய்க் கொடுத்தாள். மறுநாள் லாரி வந்தது, சாம்பார் வந்தது.

ஆடிட் அன்று காலை பஸ்ஸும் வந்தது, சொன்னபடி பத்து நிமிடம் முன்னதாக. பஸ் பத்து நிமிடம் பிந்தி வரும் என்று பழகிய பெண்கள் அதற்குத் தக்கபடி எழுந்து, தலைவாரி, நிதானமாக நிறுத்தத்துக்கு வந்தபோது பஸ் போய்விட்டிருந்தது. சுகப்பிரியாவும் தங்கமாரியும் முதல் ஷிப்டில் பாதிப் பேரும் ஒரகடம் கூட்டுரோட்டில் நின்றார்கள். பஸ் சீக்கிரம் வரப்போகிறது என்பது சுகப்பிரியாவுக்கு மட்டும் தெரியும். அவள் யாரிடமும் சொல்லவில்லை. அவளுமே பழக்கதோஷத்தில் மறந்துபோனாள்.

"பஸ்ஸ சீக்கிரமா அனுப்பச் சொன்னது யாருட்டி?" என்றாள் தங்கமாரி.

"நான்தான்க்கா."

"நல்லா வெளங்கும்."

தூரத்தில் கோதண்டம் டிரேடர்ஸ் லாரி வந்தது, கழிவை அள்ள அதே கம்பெனிக்கு. வகுப்பில் ஒரு நாளும் தூக்காத கையைச் சுகப்பிரியா சாலை நடுவில் நின்று தூக்கினாள். "தாண்டவராயன் அண்ணனுக்கு வேண்டியவங்க நாங்க, ஏத்திக்கோங்க" என்று கத்தினாள். தங்கமாரி வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

கம்பெனி வாசலில் ஆடிட்காரர்களின் கார், பெண்கள் நின்றுகொண்டு வந்த கழிவு லாரியின் பின்னால் மெதுவாக நுழைந்தது. ஸ்ரீதரின் முகம் பார்க்கச் சகிக்கவில்லை.

"உங்க எம்ப்ளாயீஸ் இப்படித்தான் வருவாங்களா?" என்றார் வந்தவர்களில் மூத்தவர்.

ஸ்ரீதர் சுகப்பிரியாவைப் பார்த்தார். முதுகெல்லாம் கழிவு ரப்பரின் கரித்தூளோடு அவள் சார்ட்டின் முன்னால் நின்று, செத்துப்போன கங்கம்மாளிலிருந்து பத்து நிமிட பஸ் வரை ஒன்றுவிடாமல் சொன்னாள். இரண்டு மொழிகளிலும் மாறி மாறிச் சொன்னாள். பேசாமல் சேர்த்து வைத்ததெல்லாம் அன்று வெளியே வந்தது. மூத்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சிரித்தார். பிறகு சிரிக்காமல் எழுதினார்: நான்கு சேவைகள் ஒரே நபரை நம்பி இருக்கின்றன, தண்ணீருக்கு இன்னொரு ஏற்பாடு வேண்டும்.

அந்த நிபந்தனையோடு ஆர்டர் வந்தது. இரண்டாவது தண்ணீர் லாரிக்கு விண்ணப்பித்த ஸ்ரீ ஆறுமுகநயினார் வாட்டர்ஸைச் சுகப்பிரியா இம்முறை நேரில் போய் விசாரித்தாள். உரிமையாளர் சுங்குவார்சத்திரத்துக்காரர், தாண்டவராயனுக்குச் சொந்தமில்லை. கோதண்டத்தின் மகளுக்கு அந்த வீட்டில் சம்பந்தம் பேசிக்கொண்டிருக்கிறார்களாம். அதையும் குறித்துக்கொண்டாள்.

மாதக் கடைசியில் வேலை நிரந்தரம் ஆயிற்று. பொறுப்பு: கான்ட்ராக்டர்கள், கிராமத்தார் தொடர்பு. வாரம் ஒரு முறை நான்கு வயல் தாண்டிப் போய்ப் பேசிவிட்டு வர வேண்டும். கையால் யானை தும்பிக்கை செய்யத் தேவையில்லை என்பதைத் தவிர, எல்.கே.ஜி.க்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் அவளுக்குத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூத்திலிருந்து அம்மாவுக்குச் சொன்னாள். பூஜா ஜாதகம் என்று நினைத்ததை, லீலா கோபப்பட்டதை, லாரியை நிறுத்தியதை, லாரியிலிருந்து தங்கமாரியின் செருப்பு ஒன்று விழுந்ததை. பாதியில் நாச்சியார் குறுக்கிட்டார்.

"ஏட்டி, போதும். மீட்டர் ஓடுது, வை."