பெரியப்பாவின் காலணாக் கட்டுகள்

மாட்டுங்காவில் எங்களுக்கு நேர் மேல்மாடியில் பெரியப்பா குடியிருந்தார். கோட்டைப் பக்கம் ஒரு பாங்கில் காஷியர். நயா பைசா வந்து அணாக்கள் போக ஆரம்பித்த சமயத்தில், புழங்காத புதுக் காலணாக்களாகப் பார்த்துத் தன் சம்பளத்தில் மாற்றிக்கொண்டு வந்தார். எல்லாம் குதிரைப் படம் போட்டவை.

ஐம்பது ஐம்பதாக அடுக்கி, மெல்லிய தாளில் சுற்றி, மேலே தடித்த காகிதம் போட்டு நூலால் கட்டுவார். ரப்பர் பாண்டு கூடாது, காசு கறுத்துவிடும் என்பார். மழைக்காலத்தில் பெட்டிக்குள் வறுத்த அரிசியைத் துணியில் முடிந்து வைப்பார். ஈரத்தை அது குடித்துவிடுமாம். பெண்ணைக்கூட இவர் மழையிலிருந்து இப்படிக் காபந்து பண்ணவில்லை என்று பெரியம்மா கேலி பேசுவாள்.

அந்தக் கேலி அவர்கள் பெண், எனக்கு அக்கா, இருந்தவரைக்கும்தான். பதினோரு வயதில், ஓர் ஆடி மழையில் டைபாய்டு வந்து அவள் போய்விட்டாள். எனக்கு அப்போது ஏழு.

பிறகு பெரியப்பா ஒரே ஒரு கட்டை மட்டும் எடுப்பார். ஓரத்தைப் பிரித்து முதல் காசைப் பார்ப்பார், மூடிவிடுவார். ஒருநாள் நானும் எட்டிப் பார்த்தேன். காசில் கறுப்பாக ஒரு கறை. அதனால்தான் அவர் முகம் வாடுகிறது என்று நானே முடிவு கட்டினேன்.

மறுவருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் செம்பூருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனார்கள். வீட்டுச்சாவி எங்களிடம் இருந்தது. புளியும் அடுப்புச் சாம்பலும் எடுத்துக்கொண்டு மாடியேறி, அந்தக் காசைத் தேய்தேய் என்று தேய்த்தேன். விரல் எரிந்தது. கறை போய்க் காசு பளபளத்தது.

திரும்பி வந்ததும் உள்ளங்கையில் வைத்து நீட்டினேன். பெரியப்பா அதை ஜன்னலோரம் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெரியம்மா பட்டுப்புடவையோடு வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"தேச்சது நீயாடி?" என்றார்.

தலையாட்டினேன்.

"நன்னா இருக்கு."

எனக்குப் பெண் பிறந்த பிறகுதான் பெரியம்மா மற்றதைச் சொன்னாள். அக்கா ஒருநாள் அந்தக் காசைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துவிட்டாளாம். காசை விரல் படத் தொடலாமா என்று பெரியப்பா அவள் கையில் ஓர் அடி போட்டிருக்கிறார். இரண்டு நாள் அவள் அப்பாவோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காய்ச்சல். அவள் தொட்ட இடம் மெல்லமெல்லக் கறுத்து, விரல் ரேகை தெளிவாக எழும்பி வந்தது, அவள் போன பிறகுதானாம்.

அன்று எனக்கு இதெல்லாம் தெரியாது. அவர் கண் கலங்கியதைச் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டேன்.

"மீதியையும் தேச்சுத் தரட்டுமா பெரியப்பா?" என்று கேட்டேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். வெகுநேரம் விடவில்லை. விட்டால் கீழே போய் விளையாடலாமே என்றுதான் எனக்கு இருந்தது.